பால் லைன் சந்தா, செக்கு எண்ணெய் உறுப்பினர் அட்டை: வாடிக்கைக் கணக்கை எப்படி ஒழுங்கா வெக்கிறதுங்க?

பெருந்துறை_பால்லைன்:

வணக்கமுங்க. பெருந்துறை, விஜயமங்கலம், திண்டல்னு மூணு லைன்ல பாட்டில் பால் போகுது. மொத்தம் 240 வீடு. பாதிப் பேர் மாசத்துக்கு முன்பணம் கட்டறவங்க, மீதிப் பேர் மாசக் கடைசியில கணக்குப் பார்த்துக் கொடுக்கறவங்க. இதுபோக செக்கு எண்ணெய்க்கு வருஷ உறுப்பினர் அட்டை இருக்கு. 600 ரூபாய் கட்டினா வருஷம் முழுக்க லிட்டருக்கு 20 ரூபாய் குறைவு.

இப்ப எக்செல்ல வீட்டுக்கு ஒரு வரி, மாசத்துக்கு ஒரு பத்தி. ஒரே தெருவுல ஒரே பேர்ல ரெண்டு மூணு பேர் இருக்காங்க. யூபிஐ பணம் மகன் பேர்லயோ மருமகள் பேர்லயோ வருது, எந்த வீட்டுதுன்னு தெரியறதில்ல. "நாளைக்குப் பால் வேண்டாம்"னு வாட்ஸ்அப்ல சொன்னது பில்லுல ஏறாமப் போயிருது. மாச நடுவுல விலை ஏத்தினா வீட்டுக்கு வீடு வாக்குவாதம். அட்டை எப்ப முடியுதுன்னு ஒவ்வொண்ணாத் தேடோணும்.

சாஃப்ட்வேர் வாங்கறதா, எக்செல்லயே சரி பண்ணிரலாமா? என்னென்ன பத்தி வெக்கோணும்?

திருப்பூர்_கணக்கு:

240 வீட்டுக்கு எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ தாராளமாப் போதுமுங்க. நாலு தனி விஷயத்தை ஒரே தாள்ல போட்டிருக்கறதுதான் சிக்கலுக்குக் காரணம். ஆள் யாரு, அவங்க கூட என்ன பேசியிருக்கு, எந்த நாள்ல அது மாறுச்சு, காசு எவ்வளவு வந்துச்சு. இது நாலும் நாலு தாளா இருக்கோணும். நாலையும் கோக்கறது ஒரு வாடிக்கை எண்.

எண்ணை 1001ல ஆரம்பிங்க. அதுக்குள்ள லைனையோ தெருவையோ பொதிக்காதீங்க. திண்டல்ல இருக்கறவங்க பெருந்துறைக்குக் குடி மாறினா எண்ணே பொய்யாயிரும். நின்னுபோனவங்க எண்ணை இன்னொருத்தருக்குக் கொடுக்கவே கூடாது. அவங்க ஆறு மாசம் கழிச்சுத் திரும்பி வந்தா பழைய பாக்கி, பாட்டில் முன்பணம் எல்லாம் அந்த எண்லதான் கிடக்கும்.

ஆள் தாள்ல: எண், பேர், யூபிஐல பணம் எந்தப் பேர்ல வரும் (ரெண்டு பேர் வரைக்கும் இடம் விடுங்க), போன், வாட்ஸ்அப் எண் வேறன்னா அது, கதவு எண், அடையாளம், லைன், வரிசை எண், பாட்டில் வெக்கிற இடம், நிலை. வரிசை எண்ணை 10, 20, 30னு இடைவெளி விட்டுப் போடுங்க. நடுவுல புது வீடு சேர்ந்தா 25 போட்டுக்கலாம், எல்லாத்தையும் மாத்த வேண்டியதில்ல. நிலைக்கு மூணே சொல்: நடப்பு, நிறுத்தம், முடிவு. யாரையும் வரியோட அழிக்காதீங்க.

திட்டத் தாள்தான் விலைச் சண்டையைத் தீர்க்கறது. எண், பொருள், அளவு, விலை, எந்தத் தேதியில இருந்து, எந்தத் தேதி வரை. விலை ஏறினா பழைய விலை மேலயே புதுசை எழுதக் கூடாது. பழைய வரிக்கு முடிவுத் தேதி போட்டு, கீழ புது வரி எழுதோணும். லிட்டர் 64 ரூபாய், மார்ச் 16ல இருந்து 68ன்னு வெச்சுக்குங்க. தினம் ஒரு லிட்டர் வாங்கற வீட்டுக்கு 15 நாளுக்கு 960, 16 நாளுக்கு 1,088, ஆக 2,048. விலையை மேலயே மாத்தி எழுதியிருந்தா 31 நாளுக்கும் 68 போட்டு 2,108ன்னு பில்லு போகும். அந்த 60 ரூபாய்க்குத்தான் வாக்குவாதம் நடக்குது, அதுல வாடிக்கை பேசறது நியாயம்.

மாற்றத் தாள்ல வழக்கத்துல இருந்து விலகின நாள் மட்டும் எழுதுங்க. தேதி, எண், பொருள், கூட்டல் கழித்தல், அன்னிக்கு விலை, யார் சொன்னது. தினமும் 240 வீட்டுக்கும் "கொடுத்தாச்சு"ன்னு குறிக்க ஆரம்பிச்சா பத்து நாள்ல விட்டுருவீங்க. நாலு நாள் பால் வேண்டாம்னா நாலு வரியா எழுதோணும். அப்பத்தான் ஒரு தேதியைச் சொன்னா அன்னிக்கு எத்தனை பாட்டில்னு தாளே கூட்டிச் சொல்லும்.

"15ல இருந்து 18 வரைக்கும் வேண்டாம்"னு வந்தா 18 சேர்த்தியா இல்லையான்னு ரெண்டு பக்கமும் ரெண்டு விதமா நினைப்பாங்க. பதில்ல, "15 காலை நிறுத்தம், 19 காலை மறுபடி வரும்"னு போட்டு அனுப்புங்க. பில்லு நேரத்துல அந்தச் சேதியே சாட்சி.

காசுத் தாள்: தேதி, எண், தொகை, ரொக்கமா யூபிஐயா, 12 இலக்க யுடிஆர் எண் (ஒவ்வொரு யூபிஐ பணத்துக்கும் தனியா வர்ற அடையாள எண்), எதுக்காக (பால், எண்ணெய், அட்டை, பாட்டில் முன்பணம்). முன்பணமா வந்தது நீங்க இன்னும் சம்பாதிக்காத காசு. மாசக் கடைசியில எல்லாருடைய முன்பண மிச்சத்தையும் கூட்டி, அந்த அளவு தொகை கையிலயோ பேங்க்லயோ இருக்குதான்னு பாருங்க. பாட்டில் முன்பணம் ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டியது, அதைப் பால் கணக்கோட கலக்காதீங்க.

பொள்ளாச்சி_பண்ணை:

மேல அண்ணன் சொன்னது கணக்குப் பக்கம். லைன் பக்கம் சரியில்லைன்னா அந்தத் தாளெல்லாம் சும்மாதானுங்க.

தகவல் எந்த வழியில வரோணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. வீட்டம்மா லைன் பையன்கிட்ட வாசல்ல சொல்றாங்க, ஐயா உங்களுக்குப் போன் பண்றாரு, மகன் வாட்ஸ்அப்ல போடறான். மூணும் மூணு இடத்துல நிக்கும். வாசல்ல சொன்னா பையன் லைன் தாள்ல அந்த வீட்டு நேர்லயே எழுதோணும், மாற்றத் தாள்ல ஏத்தறது ஒரே ஆளா இருக்கோணும். ரெண்டு பேர் ஏத்தினா ஒரே லீவு ரெண்டு தடவை கழிஞ்சிரும். அப்படிக் கழிஞ்சதை எந்த வீட்டுக்காரரும் வந்து சொல்ல மாட்டாரு.

மாற்றம் சொல்லக் கடைசி நேரம் இரவு 8 மணின்னு வாடிக்கைக்குக் கொடுக்கற அட்டையிலயே அச்சடிச்சிருங்க. அதுக்கு மேல வர்ற சேதி மறுநாள் காலைக்குப் பொருந்தாது. 8 மணிக்கு மேல ஒரே ஆள் மாற்றத்தை எல்லாம் ஏத்தி, லைனுக்கு ஒரு தாள் அச்செடுத்து வெச்சிரோணும். தாள்ல வரிசை எண், பேர், கதவு எண், இன்னிக்கு அளவு, காலி பாட்டில் வாங்கினது, குறிப்பு. பணப்பாக்கி அதுல வேண்டாம். பையன் கையில பாக்கி தெரிஞ்சா வாசல்ல நின்னு கேப்பான், வாடிக்கை முகம் சுளிக்கும்.

காலையில சரிபார்க்க ஒரே கணக்கு. ஏத்தின பாட்டில் என்பது தாள் மொத்தமும் உபரியும், உபரி லைனுக்கு அஞ்சு போதும். திரும்பி வர்ற நிறை பாட்டில் என்பது உபரி, அதோட கொடுக்காம விட்டது, அதுல இருந்து கூடுதலாக் கொடுத்ததும் உடைஞ்சதும் கழிச்சது. இது ஒத்து வரலைன்னா அன்னிக்கே கேளுங்க. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆடி 18, தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம், பங்குனியில பண்ணாரி குண்டம், தீபாவளிக்குத் திருப்பூர்ல கம்பெனி லீவு. இந்த நாள்கள்ல நிறுத்தச் சொல்றவங்களும் கூடுதல் கேக்கறவங்களும் ஒண்ணாக் குவிவாங்க. ஒரு வாரம் முன்னாடியே "எந்தத் தேதி வேண்டாம், எந்தத் தேதி கூடுதல்"னு நீங்களே கேட்டு அனுப்புங்க. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் (ஒரே சேதியை எல்லாருக்கும் தனித்தனியா அனுப்பறது) ஒரு பட்டியல்ல 256 பேர் வரைக்கும் எடுக்கும், உங்களுக்கு ஒண்ணே போதும். உங்க எண்ணை அவங்க போன்ல சேமிச்சிருந்தாத்தான் போய்ச் சேரும், புது வாடிக்கை சேரும்போதே சேமிக்கச் சொல்லிருங்க.

கோவை_ஷீட்ஸ்:

தாள்ல எங்கெங்க உடையும்னு மட்டும் சொல்றேன்.

தேதிதான் முதல் எதிரி. கூகுள் ஷீட்ஸ்ல ஃபைல், செட்டிங்ஸ், லொகேல் (எந்த நாட்டு வழக்கம்ங்கறது) போய் இந்தியான்னு இருக்குதான்னு பாருங்க. அமெரிக்கான்னு இருந்தா 05/03ங்கறது மே 3 ஆயிரும், 25/03ஐத் தேதியாவே எடுக்காது, வெறும் எழுத்தா நிக்கும். பாதித் தேதி தப்பு, பாதி எழுத்துன்னு கலந்துட்டா அப்பறம் பிரிக்கறது பெரும்பாடு.

போன் எண், யுடிஆர் ரெண்டு பத்தியையும் எழுதறதுக்கு முன்னாடியே டெக்ஸ்ட் (எழுத்து) வகையா ஆக்கிருங்க. எக்செல்ல 12 இலக்கம் சாதாரண எண்ணா இருந்தா 9.19E+11ன்னு சுருக்கிக் காட்டும். சுழியில தொடங்கற யுடிஆர்ல அந்தச் சுழியே காணாமப் போயிரும். அப்பறம் பேங்க் ஸ்டேட்மென்ட்ல தேடினாக் கிடைக்காது.

திட்டத் தாள்ல முடிவுத் தேதியைக் காலியா விடாம 31-12-2099ன்னு போடுங்க. "இந்தத் தேதி தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவுல இருக்குதா"ங்கற சம்இஃப்ஸ் (நிபந்தனைக்குப் பொருந்தற வரியை மட்டும் கூட்டற ஃபார்முலா) அப்பத்தான் ஒழுங்கா வேலை செய்யும். மாச பில்லுக்கு நாள் எண்ணும்போது, முடிவுத் தேதி, மாசக் கடைசி ரெண்டுல எது முந்தியோ அதுல இருந்து, தொடக்கத் தேதி, மாசம் 1 ரெண்டுல எது பிந்தியோ அதைக் கழிச்சு, ஒண்ணு கூட்டோணும். அந்த ஒண்ணை மறந்தா திட்டத்துக்கு ஒரு நாள் பால் காசு போயிரும். விலை ஏறின மாசம் ஒரு வீட்டுக்கு ரெண்டு திட்ட வரி, ரெண்டு நாள் காசு. விடை சுழிக்குக் கீழ போனா சுழின்னே எடுத்துக்கச் சொல்லுங்க.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாங்கறவங்க இருந்தா "ஒத்தைத் தேதி"ன்னு விதி போடாதீங்க. 31ம் தேதியும் ஒத்தை, மறுநாள் 1ம் ஒத்தை, அடுத்தடுத்து ரெண்டு நாள் பால் போயிரும். அன்னித் தேதியில இருந்து தொடக்கத் தேதியைக் கழிச்சு, வர்ற நாள் கணக்கை ரெண்டால வகுக்கோணும், மிச்சம் சுழின்னா பால் உண்டு.

உறுப்பினர் அட்டையும் தனித் தாள், புதுப்பிச்சா புது வரி. முடிவுத் தேதிக்கு ஈடேட்ல (தேதியோட மாசம் கூட்டற ஃபார்முலா) தொடக்கத் தேதியோட 12 மாசம் கூட்டி ஒரு நாள் கழிங்க. 12-6-2025ல ஆரம்பிச்சா 11-6-2026ல முடியும். முன்கூட்டியே புதுப்பிக்கறவங்களுக்குக் கட்டின தேதியில இருந்து எண்ணினா மிச்ச நாள் பறிபோகும், அடுத்த வருஷம் யாரும் முன்னாடி கட்ட மாட்டாங்க. பழைய முடிவுக்கு மறுநாள், பணம் வந்த நாள், ரெண்டுல எது பிந்தியோ அதுதான் புதுத் தொடக்கம். ரெண்டுல பெரிசை எடுக்கற மேக்ஸ் ஃபார்முலா ஒண்ணு போதும். முடிவுக்கு 15 நாள் இருக்கும்போது மஞ்சள், 3 நாள்ல சிவப்புன்னு நிறம் வெச்சுட்டாத் தேடவே வேண்டாம்.

மாற்றத் தாள்ல எண், தேதி, பொருள் மூணும் ஒண்ணா ரெண்டு தடவை வந்தா சிவப்பாகற மாதிரி கவுண்ட்இஃப்ஸ் (பொருந்தற வரியை எண்ணற ஃபார்முலா) போடுங்க. மேல சொன்ன இரட்டைக் கழிவு அங்கயே மாட்டும். ஒரு பத்தியை மட்டும் தேர்வு பண்ணி வரிசைப்படுத்தவே கூடாது. பேர் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் போயிரும். சேமிச்சு மூடியும் வெச்சுட்டா எக்செல்ல அன்டூ (செஞ்சதைத் திருப்பறது) வேலை செய்யாது.

பெருந்துறை_பால்லைன்:

ரொம்ப நன்றிங்க, பாதி வெளிச்சமாயிருச்சு. இன்னும் ரெண்டு கேள்வி. பழைய நோட்டுல இருந்து இதுக்கு எப்படி மாறறது, மூணு வருஷக் கணக்கையும் ஏத்தோணுமா? முன்பண வீடுகளுக்கு யூபிஐ ஆட்டோபே (குறிச்ச நாள்ல பணம் தானாப் பிடிக்கற ஏற்பாடு) வெச்சா வசூல் தொந்தரவு குறையுமா?

திருப்பூர்_கணக்கு:

பழசை ஏத்தாதீங்க. ஏதாவது ஒரு மாசம் 1ம் தேதியை வெட்டுத் தேதியா வெச்சுக்குங்க. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே வரி: "தொடக்க நிலுவை", அவங்க தரவேண்டியது அல்லது அவங்க முன்பணம். அதோட வீட்டுல இருக்கற பாட்டில் எண்ணிக்கை. ரெண்டையும் சேதியா அனுப்பி, ஏழு நாளுக்குள்ள மறுப்பு இருந்தாச் சொல்லச் சொல்லுங்க. மறுப்பு வந்த வீட்டுக்கு மட்டும் பழைய நோட்டைப் புரட்டினாப் போதும். ஒரு லைனை முதல்ல மாத்தி, ஒரு மாச பில்லு சரியா வந்த பொறவு மத்த ரெண்டையும் மாத்துங்க. அந்த மாசம் நோட்டும் தாளும் ரெண்டும் ஓடட்டும்.

ஆட்டோபே 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் பின் நம்பர் கேக்காது, பிடிக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி வாடிக்கைக்குத் தகவல் போயிரும். மாசாமாசம் ஒரே தொகை முன்பணம் கட்டறவங்களுக்கும் வருஷ அட்டைக்கும் நல்லாப் பொருந்தும். மாசக் கடைசி வீடுகளுக்குத் தொகை மாறும், உச்ச அளவு வெச்சு அனுமதி வாங்கோணும். 1,500க்கு அனுமதி வாங்கிட்டு பில்லு 1,600 வந்தா அந்த மாசம் பணம் வராது. அவங்களை இப்போதைக்குச் சேர்க்காதீங்க. பணம் பிடிச்சதாவே நினைச்சுத் தாள்ல ஏத்தவும் கூடாது. பேங்க்ல வந்த பொறவு யுடிஆரோட ஏத்துங்க.

ஜிஎஸ்டி பதிவு இருந்தா பொருள் பத்தியை ஒழுங்கா வெச்சுக்குங்க. கறந்த பாலுக்கு வரி இல்ல, சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம். ரெண்டையும் ஒரே தொகையா வாங்கிப் போட்டா ஆடிட்டர் பிரிக்க முடியாமத் தவிப்பாரு.

அவிநாசி_வாசகர்:

யாரும் தொடாத ஒண்ணு. உங்க மாற்றத் தாள் ஒரு லீவுப் பட்டியல் மட்டுமில்லைங்க. எந்த வீடு எந்தத் தேதி வரைக்கும் பூட்டிக் கிடக்குதுங்கற பட்டியல் அது. அதைக் குழு வாட்ஸ்அப்ல போடவே கூடாது. வாடிக்கைகளை ஒரே குழுவுல சேர்த்து வெச்சு, அதுலயே "நாங்க ஊருக்குப் போறோம், ஒரு வாரம் வேண்டாம்"னு எழுத விடறதும் ஆபத்துதான். தனித்தனிச் சேதியா மட்டும் வாங்குங்க.

அச்செடுத்த லைன் தாள்ல லீவு வீட்டைப் பேரோட "நிறுத்தம்"னு காட்டாதீங்க. அன்னிக்குப் பால் போற வீடு மட்டும் வர்ற மாதிரி வடிகட்டி அச்செடுங்க. வரிசை எண் 40க்கு அப்பறம் 60 வந்தா பையனுக்கே புரியும். எந்த நாள் வரைக்கும்ங்கறது அவனுக்குத் தெரிய வேண்டியதில்ல. காலையில தாளைத் திரும்ப வாங்கி, காலி பாட்டில் கணக்கை ஏத்தின பொறவு கிழிச்சிருங்க. கூகுள் ஷீட்ஸ்ல மாற்றத் தாளையும் காசுத் தாளையும் தனிக் கோப்பா வெச்சு, ஏத்தற ஆளுக்கு மட்டும் அனுமதி கொடுங்க. "இணைப்பு இருக்கும் எவரும்"ங்கற பகிர்வை எதுக்கும் வெக்காதீங்க. லைன் பையன் வேலையை விட்டு நின்னா அன்னிக்கே அவன் அனுமதியை எடுத்திரோணும்.

ஆதார் நகல் எதுவும் வாங்காதீங்க. பால் ஊத்தறதுக்கு அது எதுக்கும் தேவைப்படாது. 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவையான அளவு தகவலை மட்டும் வாங்கச் சொல்லுது. பேர், போன், கதவு எண், பாட்டில் வெக்கிற இடம் போதும்.