பாரிஸில் அமெரிக்கர் செய்தது துரோகமா?

கல்லடி மாணவி: அமெரிக்க சுதந்திரப் போரில் பிரான்சோடு 1778 கூட்டணி இருந்தும், 1782 நவம்பர் 30 பிரிட்டனுடனான பூர்வாங்க சமாதான உடன்பாட்டில் அமெரிக்கத் தூதர்கள் பிராங்க்ளின், ஜோன் ஜே, அடம்ஸ் ஆட்கள் பிரான்சைக் கலந்து பேசாமலே ஒப்பமிட்டது சரியா?

அக்கரைப்பற்றான்: தங்கச்சி, பிரான்சும் சமாதானம் செய்தால்தான் அது செல்லும் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆனாலும் பிரெஞ்சு அமைச்சர் வெர்ஜென் கோபமாகக் கடிதம் போட்டார். டிசம்பர் 17 பிராங்க்ளின் எழுதிய பதில்தான் கெட்டிக்காரத்தனம்: மரியாதைக் குறைவு நடந்தது உண்மை, ஆனால் நாம் பிரிந்துவிட்டோம் என்று ஆங்கிலேயர் சந்தோஷப்படுகிறார்கள், இதை வெளியே விடவேண்டாம் என்று சொல்லி, அதிலேயே பிரான்சிடம் அமெரிக்கா கேட்டிருந்த கடனையும் நினைவூட்டினார்! 60 இலட்சம் லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கிடைத்தது.

களுவாஞ்சிக்குடி வாசகர்: அதே 1782இல், இந்தப் பக்கக் கடலிலும் பிரிட்டனோடு சண்டையிட்ட பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரெனின் கப்பல்கள் பழுதுபார்க்க நம்ம மட்டக்களப்பில் நங்கூரமிட்டன. 1783 ஜனவரி 20 பிரிட்டனும் பிரான்சும் பூர்வாங்கமாக உடன்பட்டன, செய்தி வந்துசேருமுன் ஜூனில் கடலூருக்கு அருகே கடற்சண்டையே நடந்துவிட்டது.

கல்லடி மாணவி: நன்றி காக்கா, கடன் கதை பாடப்புத்தகத்தில் இல்லையே!