கீமோ தொடங்கியதிலிருந்து அத்தைக்கு எல்லாமே இரும்பாகச் சுவைக்கிறது

குடியாத்தம் மருமகள்:
என் மாமியாருக்குப் புற்றுநோய்க்காக வேலூரில் 21 நாட்களுக்கு ஒரு முறை கீமோ ஏற்றுகிறார்கள். இரண்டு முறை முடிந்திருக்கிறது. குழம்பு கொதிக்கும் வாசனையிலேயே உப்பின் அளவைச் சொல்லிவிடுகிற அவருக்கு, இப்போது எதைச் சாப்பிட்டாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போலிருக்கிறதாம். கடுகு தாளித்தாலே குமட்டுகிறது. ஆசையாகக் கேட்டாரே என்று இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் எண்ணெய்க் குழம்பு வைத்தேன். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மாமனாரோ, அடம்பிடிக்கிறாள் என்று கடிந்துகொள்கிறார். இதற்கு என்ன செய்வது?

காட்பாடி, ஓய்வுபெற்ற செவிலியர்:
அது அடமில்லை என்பதை முதலில் உங்கள் மாமனாருக்குச் சொல்லுங்கள். கீமோ மருந்துகள் பெரும்பாலும் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. நாவின் சுவை அரும்புகளில் உள்ள செல்களும் ஏறத்தாழ 10 நாட்களில் புதுப்பிக்கப்படுபவை என்பதால், கட்டியோடு சேர்ந்து அவையும் அடிபடுகின்றன. மணம் அறியும் செல்களும் தப்புவதில்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அதில் பாதியளவு உப்பும் கரைத்து, உணவுக்கு முன் வாய் கொப்புளித்துத் துப்பச் சொல்லுங்கள். நாக்கில் வெண்படலம் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ராணிப்பேட்டை, சிகிச்சை முடித்தவர்:
நான் எவர்சில்வர் தட்டை ஒதுக்கிவிட்டு மந்தாரை இலையிலும் மரக்கரண்டியிலும் சாப்பிட்டேன். பாதித் தொல்லை குறைந்தது. ஆவி பறக்கும் சோற்றைவிட ஆறிய சோற்றில் மணம் குறைவு. இறைச்சி கசந்ததால் முட்டை, பாசிப்பருப்பு, வேர்க்கடலை ஆகியவற்றில்தான் காலம் தள்ளினேன். வாயில் புண் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு சில துளிகள் பிழியலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஊசி போட்ட குமட்டல் நாட்களில், மிகவும் பிடித்த உணவைக் கொடுக்காதீர்கள். உடல் அந்தக் குமட்டலையும் உணவையும் முடிச்சுப் போட்டுவிடும். அப்படித்தான் நான் ஆம்பூர் பிரியாணியை இழந்தேன்.

குடியாத்தம் மருமகள்:
கத்திரிக்காயை எடுத்து வைத்துவிடுகிறேன். மருந்துச் சீட்டில் கீமோ மருந்தின் பெயர் ஆக்ஸாலிபிளாட்டின் என்றிருக்கிறது. ஆறிய உணவு என்றால் ஐஸ் மோரும் தரலாமா?

காட்பாடி, ஓய்வுபெற்ற செவிலியர்:
வேண்டாம். அந்த மருந்து ஏற்றிய பின் சில நாட்களுக்குக் குளிர்ந்தது பட்டாலே தொண்டை இறுகுவது போலவும் விரல் நுனிகள் மரப்பது போலவும் இருக்கும். அறைச் சூட்டில் இருப்பதையே கொடுங்கள், தண்ணீரும் அப்படித்தான்.

குடியாத்தம் மருமகள்:
ராணிப்பேட்டை அண்ணா, உங்களுக்குச் சுவை எப்போது திரும்பியது?

ராணிப்பேட்டை, சிகிச்சை முடித்தவர்:
ஆளுக்கு ஆள் மாறும், அம்மா. சிலருக்குச் சில வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள். எனக்குக் கடைசி ஊசிக்குப் பின் இரண்டாம் மாதத்தில் காபியின் மணம் முதலில் வந்தது. பிரியாணி இன்னும் வரவில்லை.