மின்சார ஹீட்டர் மட்டும் உள்ள பிளாட்: செலவைக் குறைக்க வழி உண்டா?

வணக்கம். லண்டன் ஹாரோவில் ஒரு படுக்கையறை வாடகை பிளாட், முதல் மாடி. கேஸ் இணைப்பே கிடையாது. ஹாலில் பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர் (இரவு மின்சாரத்தில் சூடேறி, அந்தச் சூட்டைச் சேர்த்துவைத்துப் பிறகு வெளியே விடுவது). மேலே இன்புட் (இரவில் எவ்வளவு சூடு ஏற்றுவது), அவுட்புட் (எவ்வளவு வெளியே விடுவது) என்று இரண்டு திருகு, மாடல் எண் ஸ்டிக்கர் தேய்ந்துவிட்டது. மீட்டர் எகானமி 7: இரவு 7 மணி நேரம் யூனிட் 15 பென்ஸ், பகலில் 32.

இரவில் ஏறிய சூடெல்லாம் ஆள் இல்லாத பகலிலேயே வடிந்துவிடுகிறது. நாங்கள் வேலை முடிந்து வரும்போது ஹீட்டர் வெறும் கல். நவம்பரிலிருந்து இப்படித்தான். படுக்கையறை ஜன்னல் ஓரம் கறுப்பாகப் பூஞ்சை வேறு.

இன்புட்டை முழுதாக வைத்து, அவுட்புட்டை மாலைவரை மூடிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். ஜன்னல் இடுக்குக்கு நுரை டேப், தடித்த திரை எல்லாம் ஆயிற்று. மாலையில் 2 கிலோவாட் கன்வெக்டர் ஹீட்டர் போட்டால் மணிக்கு 2 யூனிட், அதுவும் பகல் விலையில். பில்லைப் பார்த்தாலே வேர்த்துவிடுகிறது. தூக்கம் எலக்ட்ரிக் பிளாங்கெட் புண்ணியத்தில் ஓடுகிறது (100 வாட்தான், இது ஒன்றுதான் லாபம்). ஹீட்டரை மாற்றித்தர வீட்டு உரிமையாளர் தயாராக இல்லை.

எகானமி 7-ஐ விட்டு ஒரே விலைத் திட்டத்துக்கு மாறி, தெர்மோஸ்டாட் உள்ள ஆயில் ரேடியேட்டரை மாலையில் மட்டும் ஓட்டினால் மொத்தச் செலவு குறையுமா?