முதல் சப்ரசர் (துப்பாக்கி முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கிற குழல்) வாங்கப் போகிறேன்: .308, .223 இரண்டுக்கும் ஒன்றே போதுமா?

குலசேகரத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் குலசேகரம். இருப்பது டெக்சாஸில், ஆஸ்டினில் இருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி. க்ரீன் கார்டு வந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது ஒரு மாத லீவில் ஊரில் இருக்கிறேன். வெளியே நல்ல மழை, ரப்பர் பால்வெட்டு இல்லை, அதனால் உட்கார்ந்து விரிவாக எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

அங்கே எனக்குத் தெரிந்த ஒருவருடைய பண்ணையில், அவர் அனுமதியோடு, காட்டுப்பன்றி சுடப் போவேன். டெக்சாஸில் பன்றித் தொல்லை எவ்வளவு என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரே இரவில் புல்வெளியை ஏர் பூட்டி உழுதது மாதிரி கிளறிப் போட்டுவிடும். என்னிடம் இரண்டு துப்பாக்கி இருக்கின்றன. ஒன்று ரூகர் அமெரிக்கன் .308 (இந்த எண் தோராயமாகக் குண்டின் விட்டம், இஞ்சில்), 18 இஞ்ச் பேரல், முனையில் சப்ரசரைத் திருகிப் போட 5/8-24 திரெட் (திருகு மரை). இன்னொன்று .223 போல்ட் ஆக்‌ஷன், அதில் 1/2-28 திரெட். இரண்டும் கடையில் வாங்கும்போதே திரெட் போட்டு வந்தவை.

சப்ரசர் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா 22 வருடம் பாறைக் குவாரியில் வெடி வைக்கிற வேலை பார்த்தவர். காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. இப்போது அறுபத்தாறு வயது. ரோட்டோரமாக நடக்கும்போது பின்னால் லாரி ஹாரன் அடித்தால் கேட்காது. அம்மா கூப்பிட்டால் வலது காதைத் திருப்பிக்கொண்டு "ஆங்?" என்பார். பேரன் போனில் பேசினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், ஒரு வார்த்தையும் விளங்கியிருக்காது.

போன நவம்பரில் நானும் அதே தப்பைச் செய்தேன். சாயங்காலம், மறைவில் உட்கார்ந்திருக்கிறேன். பன்றி வருகிற சருகுச் சத்தம் கேட்க வேண்டுமே என்று காதை மூடுகிற இயர் மஃபைக் கழற்றிக் கழுத்தில் போட்டிருந்தேன். ஒரு எண்பது கஜத்தில் திடீரென்று நான்கைந்து வந்து நின்றன. மஃபைத் திரும்ப மாட்டினால் அசைவு தெரியும் என்று அப்படியே .308-ஐச் சுட்டுவிட்டேன். ஒரே ஒரு வெடிதான். இடது காதில் மூன்று நாள் விசில் ஊதினது மாதிரி நிற்காத சத்தம். மூன்றாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது அப்பா முகம்தான் ஞாபகம் வந்தது.

என் கேள்விகள்: .30 காலிபருக்கு (.308 அந்த வகைதான்) உள்ள ஒரே சப்ரசரை .223-க்கும் போடலாமா, இல்லை இரண்டு வாங்க வேண்டுமா? டைட்டானியமா ஸ்டீலா? நேராகத் திருகிப் போடுவது நல்லதா, சட்டென்று கழற்றுகிற மவுண்ட் நல்லதா? கையில் 900 டாலர் வரை இருக்கிறது. ஒரு இருப்பில் மிஞ்சிப் போனால் மூன்று குண்டு சுடுவேன், அவ்வளவுதான்.

கருங்கல் டு நியூசிலாந்து:

தம்பி, நான் கருங்கல். தெற்குத் தீவில் பால் பண்ணையில் வேலை, பதினோரு வருடம் ஆகிறது. இங்கே மான், ஆடு, பன்றி சுடுகிறவர்கள் துப்பாக்கியில் சப்ரசர் இருப்பது சர்வ சாதாரணம். துப்பாக்கிக் கடையில் மற்ற சாமான் மாதிரி அதுவும் அலமாரியில் இருக்கும். உங்கள் ஊர் மாதிரி அதற்கென்று தனிப் பதிவு, கைரேகை கிடையாது.

முதல் கேள்விக்குப் பதில்: .30 ஒன்று போதும். .308-க்கு உள்ள ஓட்டை வழியாக .223 குண்டு தாராளமாகப் போகும். .223-க்கென்றே செய்ததைவிடக் கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் தலைகீழாக ஒரு நாளும் செய்துவிடாதே. .223-க்கு உள்ளதை .308-இல் மாட்டினால் குண்டு வெளியே வர இடமே இல்லை. சப்ரசரும் போகும், உன் கையும் முகமும் போகும். இரண்டு துப்பாக்கியும் ஒரே பெட்டியில் இருக்கிற வீட்டில் இது நடக்கக்கூடிய தப்பு. அதனாலும்தான் .30 ஒன்று மட்டும் வைத்துக்கொள் என்கிறேன்.

எடையைப் பார். கடையில் கையில் வைத்துப் பார்க்கும்போது எல்லாமே லேசாகத்தான் தெரியும். பேரல் நுனியில் மாட்டித் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும் முன்பக்கம் எப்படி இழுக்கிறது என்று. 18 இஞ்ச் பேரலோடு ஏழு இஞ்ச் சேர்ந்தால் மொத்தம் 25 இஞ்ச். மறைவின் ஜன்னலில் இடிக்கும். ஒரு மாதம் பழகினால் சரியாகும்.

அப்புறம் ஒரு விஷயம், இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்க முதல் துப்பாக்கியில் திரெட் இல்லை. ஒரு பட்டறையில் கொடுத்துப் போட்டேன். திரெட் துளி சாய்ந்திருந்தது, கண்ணுக்குத் தெரியாது. புது சப்ரசரை மாட்டி ஆறாவது குண்டில் சத்தமே வேறு மாதிரி வந்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வரிசையாக இருக்கிற தட்டுகளில் கடைசித் தட்டின் ஓட்டை வட்டமாக இல்லை, ஒரு பக்கம் நகத்தால் கீறினது மாதிரி பளபளவென்று ஒரு வெட்டு. மூடியின் ஓரத்திலும் அதே வெட்டு. குண்டு உரசிக்கொண்டு போயிருக்கிறது. நான்கு மாதச் சேமிப்பு அது.

அதனால், கடைத் திரெட் என்றாலும் சரி, முதல் குண்டுக்கு முன்னால் அலைன்மென்ட் ராட் ஒன்று வாங்கு. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார். பேரலுக்குச் சரியான அளவு நேர்க்கம்பி, முனைப் பக்கத்திலிருந்து உள்ளே விட்டு, சப்ரசர் மூடியின் ஓட்டையில் நடுவில் நிற்கிறதா பார். ஒரு பக்கம் ஒட்டி நின்றால் சுடாதே. .308-க்கு ஒரு கம்பி, .223-க்கு வேறு கம்பி.

மாட்டின பிறகு ஜீரோ (வைத்த குறியில் குண்டு விழுகிறதா என்பது) மறுபடி பார்க்க வேண்டும். பேரல் நுனியில் பாரம் ஏறினால் குண்டு விழுகிற இடம் மாறும். எனக்கு நூறு கஜத்தில் இரண்டு இஞ்ச் கீழே போனது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு மாதிரி.

தக்கலை அண்ணன், ஹூஸ்டன்:

காகித வேலை பற்றி நான் சொல்கிறேன், மூன்று தடவை செய்திருக்கிறேன்.

1934-லிருந்து ஒவ்வொரு சப்ரசருக்கும் 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். வரிதான் போயிருக்கிறது, பதிவு போகவில்லை. படிவம் 4 (பதிவுக்கான மனு), போட்டோ, கைரேகை, பின்னணிச் சோதனை எல்லாம் அப்படியே இருக்கின்றன. இதற்கென்று உரிமம் வாங்கின, உன் மாநிலத்திலேயே உள்ள டீலர் வழியாகத்தான் கைக்கு வரும். ஆன்லைனில் போட்டால் முன்னே மாதிரி வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த 200 டாலரை நல்ல இயர் மஃபுக்குப் போடு.

உன் பேரில் மட்டும் பதிவு செய்தால் நீ பக்கத்தில் இல்லாமல் வேறு யாரும் அதைக் கையாளக் கூடாது. இப்போது மாதிரி ஒரு மாதம் ஊருக்கு வரும்போது பீரோ சாவி வீட்டம்மா கையில் இருந்தால் அதுவே சிக்கல்தான். அதனால் நான் ட்ரஸ்ட் (பலர் சேர்ந்து வைத்துக்கொள்கிற சட்ட ஏற்பாடு) பேரில் பதிந்தேன். அவளும் ட்ரஸ்டி. கைரேகை அவளுக்கும் கொடுக்க வேண்டும், கொஞ்சம் அலைச்சல், பரவாயில்லை.

இதைப் படிக்கிற எச்1பி தம்பிகளுக்கு: விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கிச் சட்டமே வேறு. வக்கீலைக் கேட்காமல் கடை வாசல் ஏற வேண்டாம்.

உன் இரண்டாவது, மூன்றாவது கேள்வி. மூன்று குண்டு சுடுகிறவனுக்கு டைட்டானியம் போதும், லேசு. முப்பது நாற்பது குண்டு தொடர்ந்து தட்டுகிறவர்களுக்குத்தான் ஸ்டீல், இன்கோனெல் (சூடு தாங்குகிற உலோகக் கலவை) எல்லாம். டைட்டானியத்தில் இருட்டில் சுடும்போது முனையில் தீப்பொறி பறக்கும், பயந்துவிடாதே. மவுண்டுக்கு: உன் இரண்டு துப்பாக்கியிலும் திரெட் வேறு வேறு. அதனால் பின்பக்கம் மாற்றிப் போடுகிற வசதி உள்ளதாக வாங்கு. 1.375-24 என்று ஒரு பொது அளவு இருக்கிறது, ஹப் மவுண்ட் என்பார்கள். டெட் ஏர் கம்பெனியின் நோமாட் 30 மவுண்டில் அந்த வகை. அதற்கு 5/8-24 ஒன்று, 1/2-28 ஒன்று, இரண்டு நேர்த் திருகு மவுண்ட் வாங்கினால் வேலை முடிந்தது. சட்டென்று கழற்றுகிற மவுண்டில் எடையும் விலையும் கூடும். வேட்டைக்கு ஒரு தடவை மாட்டினால் வீடு வரும்வரை கழற்றப் போவதில்லையே. நேர்த் திருகில் ஒரே குறை, சுடச் சுடத் தளரும். இரண்டு குண்டுக்கு ஒரு தடவை கையால் முறுக்கிப் பார். சூடாக இருந்தால் கையுறை போட்டுக்கொள். எனக்கு உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது.

வடசேரி ஆடியாலஜிஸ்ட்:

துப்பாக்கி பற்றி எனக்குத் தெரியாது. காது பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மேலே பதில் சொன்ன இரண்டு பேரும் அதை விரிவாகச் சொல்லவில்லை.

.308 மாதிரி ரைஃபிள் ஒரு தடவை வெடித்தால் 165 டெசிபலுக்குப் பக்கத்தில் வரும். 140-க்கு மேல் ஒரே ஒரு திடீர்ச் சத்தம்கூடக் காதின் உள்ளே உள்ள மயிர்க்கால் செல்களைச் சேதப்படுத்தலாம். செத்தவை திரும்ப முளைக்காது. சப்ரசர் பொதுவாக 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 130-லிருந்து 145 வரை என்றுதான் நிற்கிறது. கோயில் கதினா வெடியைப் பக்கத்தில் நின்று கேட்பது மாதிரி. 1909-ல் காப்புரிமை வாங்கின ஹைரம் பெர்சி மாக்சிம் அதற்கு சைலன்சர் என்று பேர் வைத்துவிட்டார், அந்தப் பேரை நம்பித்தான் பலர் காதைத் திறந்து வைத்துக்கொண்டு சுடுகிறார்கள். வாயு வெளியேறுகிற சத்தத்தைத்தான் அது அடக்கும். ஒலியைவிட வேகமாகப் போகிற குண்டு காற்றைக் கிழிக்கிற சத்தத்தை அது தொடாது.

குலசேகரத்துத் தம்பி, உங்கள் இடது காது விசில் தற்செயல் இல்லை. வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது காதுதான் பேரல் பக்கம் பார்த்து இருக்கும். வலது காதுக்குத் தலையே கொஞ்சம் மறைப்பு. என்னிடம் வருகிற பழைய பட்டாளத்துக்காரர்களின் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்கும், பலருக்கு இடது காதில் அது ஆழமாக இருக்கும்.

நீங்கள் மஃபைக் கழற்றியது பன்றிச் சத்தம் கேட்க என்றீர்கள். அதற்குத்தான் எலெக்ட்ரானிக் மஃப் இருக்கிறது. வெளியே மைக், உள்ளே ஸ்பீக்கர். சருகுச் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும், வெடிச் சத்தம் வந்தால் அந்தப் பெருக்கத்தை உடனே வெட்டிவிடும். கழற்ற வேண்டிய அவசியமே வராது. அதை முதலில் வாங்குங்கள், சப்ரசர் அதற்கு அப்புறம், இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். ஊரில் இருக்கும்போதே ஒரு காது டெஸ்ட் எடுங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள்.

பேச்சிப்பாறை விவசாயி:

இதெல்லாம் படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. போன மாதம் எனக்கு அரை ஏக்கர் மரச்சீனி (மரவள்ளி), நாற்பது மூடு மட்டி வாழை, எல்லாம் பன்றி தோண்டிப் போட்டது. தகரம் தட்டினேன், வேலி மாதிரி சுற்றிச் சேலை கட்டினேன், ராத்திரி ராத்திரி டார்ச் அடித்து உட்கார்ந்தேன். அந்த சப்ரசர் மாதிரி ஒன்று நம்ம ஊரில் கிடைக்க வழி உண்டா? தம்பி வரும்போது கொண்டு வர முடியுமா?

தக்கலை அண்ணன், ஹூஸ்டன்:

அண்ணே, உங்கள் வேதனை புரிகிறது, எங்கள் வீட்டு மரச்சீனியும் அப்படித்தான் போனது. ஆனால் வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி நாமாகச் சுட முடியாது. பன்றியை என்ன செய்வதென்றாலும் அது வனத்துறை வழியாகத்தான். சப்ரசர் நம் நாட்டில் சாதாரண ஆளுக்கு அனுமதி இல்லாத பொருள். அமெரிக்காவில் இருந்து வெளியே எடுத்து வருவதும் பெரிய குற்றம். பெட்டியில் வைத்தால் தம்பி இரண்டு நாட்டிலும் மாட்டுவான். சேதத்தைப் போட்டோ எடுத்து, விஏஓ சான்றோடு ரேஞ்ச் ஆபீசில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

குலசேகரத்துக்காரன்:

அண்ணே, பேச்சிப்பாறை பக்கம் தானே, நான் ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். மனுவை உட்கார்ந்து எழுதுவோம்.

எல்லாருக்கும் நன்றி. முடிவு பண்ணிவிட்டேன். முதலில் எலெக்ட்ரானிக் மஃப். அப்புறம் .30 காலிபர் ஒன்று, டைட்டானியம், ஏழு இஞ்சுக்கு மேல் போகாமல், ஹப் மவுண்டோடு. இரண்டு கம்பியும் வாங்குவேன். ட்ரஸ்டும் போடுகிறேன், வீட்டில் பேசிவிட்டேன்.

நேற்று நாகர்கோவில் போய் டெஸ்ட் எடுத்தோம். எனக்கு இடது காதில் 4000-இல் சின்னப் பள்ளம் இருக்கிறது, மேலே வடசேரிக்காரர் சொன்ன மாதிரியே. அப்பாவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் கையில் பட்டனைக் கொடுத்தார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். மெஷினில் சத்தம் போகிற விளக்கு எரிகிறது, அணைகிறது, எரிகிறது, அப்பா பட்டனில் விரலை வைத்தபடி அசையாமல் காத்திருக்கிறார். ரொம்ப நேரம் கழித்து ஒரு தடவை அழுத்தினார். அழுத்திவிட்டு என்னைப் பார்த்து, கேட்டுவிட்டது என்பது மாதிரி தலையாட்டினார்.

காது மெஷினுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள், அடுத்த வாரம் வரும். துப்பாக்கி இரண்டும் டெக்சாஸில் பூட்டில் இருக்கின்றன. போய்க் கம்பி விட்டுப் பார்த்துவிட்டு இதிலேயே எழுதுகிறேன். கருங்கல் அண்ணே, .223-க்கு நீங்கள் வைத்திருக்கிற கம்பி எந்த அளவு?