டொட்டோரோ படத்தில் நான் பார்ப்பது சாட்சுகியை

குழந்தைகளோடு உட்கார்ந்து பெரியவர்களும் ரசித்துப் பார்க்கிற மாதிரி ஒரு அனிமேஷன் படம் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது ‘மை நெய்பர் டொட்டோரோ’தான். ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கியது, 1988-ல் ஜப்பானில் வெளிவந்தது, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். என் மகனுக்காகத்தான் முதலில் போட்டேன். அவனுக்கு அப்போது சப்டைட்டில் வாசிக்கிற வயதில்லை, படமோ ஜப்பானிய மொழியில் ஓடுகிறது, ஆனாலும் ‘என்ன சொல்றாங்க’ என்று கேட்காமல் அப்படியே ஒன்றிப்போய்ப் பார்த்தான்.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 1950-களின் ஜப்பான். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அப்பா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கிராமத்தில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார். மூத்தவள் சாட்சுகி, பள்ளிக்கூடம் போகிறவள். சின்னவள் மேய்க்கு நாலு வயது. வீட்டுக்குப் பக்கத்தில் மாபெரும் கற்பூர மரம், அதன் அடியில் டொட்டோரோ என்கிற பெரிய, புசுபுசுவென்ற காட்டு ஆவி தூங்குகிறது. வில்லன் கிடையாது, சண்டை கிடையாது.

என் மகன் முழுக்க மேய் கட்சி. அவள் டொட்டோரோவின் வயிற்றில் ஏறிப் படுக்கிற இடம், பூனையே பேருந்தாக ஓடிவருகிற இடம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். நான் பார்ப்பது சாட்சுகியை. நானும் வீட்டுக்கு மூத்தவள், சின்ன வயதில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தங்கையைப் பார்த்துக்கொண்டவள். ‘எவ்வளவு பொறுப்பான பொண்ணு’ என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள், அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் அழக்கூட முடியாது. சாட்சுகி காலையில் எழுந்து எல்லோருக்கும் மதியச் சாப்பாடு கட்டுகிறாள், அதைப் படம் யாரையும் பாராட்டவிடாமல் சாதாரணமாகக் காட்டிவிட்டுப் போகிறது. ஆஸ்பத்திரியில் அம்மா அவளுக்குத் தலைவாரும்போதுதான் அவளும் குழந்தையாகிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வரும், அம்மா வீட்டுக்கு வருவது தள்ளிப்போகும், மேய் அடம்பிடிப்பாள், சாட்சுகி கத்திவிடுவாள். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ‘அம்மா செத்துப்போய்விட்டால்?’ என்று அவள் உடைந்து அழுகிற இடத்தில் என்னால் திரையைப் பார்க்கவே முடிவதில்லை. அக்கா அழுவதை மேய் ஓரமாக நின்று பார்க்கிறாள், கவனியுங்கள். அம்மாவுக்கென்று வைத்திருந்த மக்காச்சோளத்தைக் கட்டிக்கொண்டு அம்மாவிடம் தனியாகக் கிளம்புவது அதைப் பார்த்த பிறகுதான். அந்தக் குழந்தை போவது பிடிவாதத்தில் இல்லை, அக்காவே அழுதுவிட்டாள் என்பதால்.

மியாசாகியின் அம்மாவும் காசநோயால் பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தவர் என்று பிறகு படித்தேன். அப்புறம் இன்னொன்று, கதையை முதலில் யோசித்தபோது ஒரே ஒரு பெண்தானாம், பிறகுதான் அவளை அக்கா தங்கை என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். மழையில் பேருந்து நிறுத்தத்தில் டொட்டோரோவோடு நிற்கிற போஸ்டரில் இன்றும் ஒரு பெண்தான் இருக்கிறாள், இரண்டு பேர் சாயலும் கலந்தவளாக.

அந்த மழைக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இருட்டிவிட்டது, அப்பா வருகிற பேருந்தைக் காணோம், மேய் அக்கா முதுகிலேயே தூங்கிவிட்டாள். பக்கத்தில் வந்து நிற்கிற டொட்டோரோவின் தலையில் ஒரு இலை மட்டும். அப்பாவுக்காகக் கொண்டுவந்த குடையை சாட்சுகி அதற்குக் கொடுக்கிறாள். குடையில் சொட்டு விழுகிற சத்தம் டொட்டோரோவுக்குப் பிடித்துப்போகிறது, எகிறிக் குதிக்கிறது, மரத்தில் தேங்கிய தண்ணீர் மொத்தமும் சடசடவென்று கொட்டுகிறது. வேறு ஒன்றுமே நடப்பதில்லை, நிமிஷக்கணக்கில் காத்திருப்புதான், ஓடிக்கொண்டே இருக்கிற என் மகன் மூச்சுவிடாமல் பார்க்கிறான்.

அப்பாவையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டொட்டோரோவைப் பார்த்தேன் என்று மேய் சொல்லும்போது அவர் மறுக்கவில்லை, இரண்டு பேரையும் அந்த மரத்தடிக்கே கூட்டிப்போய் முறையாக வணக்கம் சொல்ல வைக்கிறார். இரவில் காற்று வீட்டை உலுக்க, பிள்ளைகள் பயப்பட, குளித்துக்கொண்டே சத்தமாகச் சிரிக்க ஆரம்பிக்கிறார். இடி இடித்தால் எங்கள் வீட்டிலும் இப்போது அதைத்தான் செய்கிறோம், வேலை செய்கிறது.

பார்க்கப்போகிறவர்களுக்கு ஒன்று. 1988-ல் இதை, இதைத் தயாரித்த அதே ஸ்டூடியோ கிப்லியின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’ படத்தோடு ஜோடியாகத்தான் திரையிட்டார்கள். அது போரில் இரண்டு பிள்ளைகள் படுகிற பாடு, சின்னக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம், பெரியவர்களும் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். டொட்டோரோவில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அணைத்துவிடாதீர்கள். அம்மா வீட்டுக்குத் திரும்பிவருவது அந்தப் பெயர்களோடு வருகிற ஓவியங்களில்தான் இருக்கிறது.