பீளமேட்டில் அறைத்தோழிகள் தேவை: விளம்பர வாசகத்தைத் திருத்தித் தர வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கோவை பீளமேட்டில், ஹோப் காலேஜ் நிறுத்தத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், இரண்டு படுக்கையறைகள் கொண்ட வீட்டில் வாடகைக்கு இருக்கும் நானும் என் தோழியும், இன்னும் இரு பெண்களைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம். வீட்டு உரிமையாளர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் தந்துவிட்டார். விளம்பர வாசகம்தான் இன்னும் தெளிவாக அமையவில்லை.

வாடகை 16,000 ரூபாய், தலைக்கு 4,000. முன்பணம் மூன்று மாத வாடகை, தலைக்கு 12,000 என எழுதியிருக்கிறேன். நல்ல தண்ணீர் தினமும் வராது, மற்ற புழக்கத்துக்கு உப்புத் தண்ணீர்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

மின்கட்டணம்தான் சிக்கலாக இருக்கிறது. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறுகிறது. ஓர் அறையில் மட்டுமே ஏசி இருப்பதால், நால்வரும் சமமாகப் பிரித்துக்கொள்வது மற்ற அறையில் இருப்பவர்களுக்கு நியாயமாகாது. சப் மீட்டர் பொருத்தி, ஏசிக்கான யூனிட்டுகளை அந்த அறையினரே கட்டுவதென்றால், யூனிட்டுக்கு எந்த விலையைக் கணக்கிடுவது, அதை விளம்பரத்தில் எப்படிச் சுருக்கமாக எழுதுவது?

சாதி, மதம் கேட்கமாட்டோம் என்பதை முதல் வரியிலேயே எழுத விரும்புகிறேன். வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும். சமையல், விருந்தினர், இரவுப் பணி நேரம் ஆகியவற்றையும் விளம்பரத்திலேயே குறிப்பிடலாமா, நேரில் பேசிக்கொள்ளலாமா? பெண்கள் மட்டும் தங்கும் வீடு என்பதால், கைபேசி எண்ணைப் பொதுவில் வெளியிடாமல் தொடர்புகொள்ள வழியிருந்தால் அதையும் தெரிவியுங்கள்.