லிமிட் ஹோல்டெம் (பந்தயத் தொகை நிர்ணயிக்கப்பட்ட போக்கர்): ஃபிளஷ் டிராவை (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேர இன்னும் ஒன்று வேண்டிய கை) வைத்துக்கொண்டு ரைஸ் செய்யலாமா (பந்தயத்தை ஏற்றலாமா)?

வேகாஸ்வாசி:
10–20 டாலர் மேசை (முதல் இரு சுற்றில் பந்தயம் 10, பிறகு 20). ஐந்து பேர் ஆளுக்கு 10 போட்டு ஃபிளாப் (எல்லோருக்கும் பொதுவாக விழும் முதல் மூன்று சீட்டு) பார்த்தோம். நான் பட்டனில் (கடைசியாக ஆடும் இருக்கை), கையில் ஹார்ட்டின் ஏஸும் எட்டும். விழுந்தது ஹார்ட்டின் கிங், ஹார்ட்டின் ஏழு, கிளாவர் மூன்று. முதல் ஆள் 10 கட்டினார், ஒருவர் விலகினார், இருவர் கால் செய்தார்கள் (அதே தொகையைப் போட்டார்கள்). நான் 20-ஆக ரைஸ் செய்தேன். “வராத சீட்டுக்கு எதற்கு இவ்வளவு பணம்?” என்றார் பக்கத்தில் இருந்தவர். நீங்கள் என்ன செய்வீர்கள்?

பொறுமைசாலி:
அவர் கேட்டது சரிதான். 100-க்கு 65 தடவை அந்த ஹார்ட்டின் வராது. இப்போதைக்கு உங்களிடம் இருப்பது வெறும் ஏஸ். கால் செய்துவிட்டுக் காத்திருங்கள். டர்னிலும் ரிவரிலும் (நான்காவது, ஐந்தாவது பொதுச் சீட்டில்) பந்தயம் இரட்டிப்பு, வசூலை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை:
மூன்றாவது ஹார்ட்டின் விழுந்ததும் மேசையே சுதாரித்துக்கொள்ளும், அப்புறம் யார் பணம் போடுவார்கள்? வசூல் இப்போதுதான். நால்வர் மிஞ்சிய பாட்டில் (நடுவில் சேர்ந்த பணத்தில்) ஒருவரின் சராசரிப் பங்கு 25 சதவீதம். இந்தக் கை ரிவருக்குள் ஃபிளஷ் ஆகும் வாய்ப்பு 35. கூடுதலாக ஆளுக்கு 10 வைத்தால் சேர்வது 40, அதில் இவர் பங்கு சுமார் 14. பத்து போட்டுப் பதினான்கு எடுக்கும் இடத்தில் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

பொறுமைசாலி:
மூவரும் வைத்தால்தானே! முதல் ஆளிடம் நல்ல கிங் இருந்தால் திருப்பி ரைஸ் செய்வார். நடுவில் உள்ள இருவரும் இன்னும் 20 கட்ட வேண்டுமே என்று போய்விடுவார்கள். பிறகு ஒற்றைக்கு ஒற்றை. அங்கே பாதி வாய்ப்பு வேண்டும், உங்களிடம் 35தான்.

கணக்குப்பிள்ளை:
அந்த ஆபத்து உண்மை. அதனால்தான் பந்தயம் கட்டியவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் பார்ப்பேன். இங்கே கட்டியவர் முதல் ஆள், நடுவில் இருவர் ஏற்கெனவே 10 போட்டாயிற்று. ரைஸுக்குப் பிறகு பாட்டில் 100. இன்னொரு பத்துக்காக அதை யாரும் விட்டுப்போக மாட்டார்கள். அதே பந்தயத்தை உங்களுக்கு நேர் வலப்பக்கம் இருப்பவர் கட்டியிருந்தால் கதை வேறு. இன்னும் ஒன்றும் போடாதவர்களிடம் ஒரேயடியாக 20 கேட்கிறீர்கள், உங்களுக்குப் பணம் தர வேண்டியவர்களை நீங்களே விரட்டுகிறீர்கள். அங்கே நானும் கால்தான்.

நாலாம்சீட்டு:
இந்தப் பேச்செல்லாம் ஏஸ் இருப்பதால்தான். ஹார்ட்டின் ஆறும் ஐந்தும் வைத்துக்கொண்டு நால்வர் மேசையில் ரைஸ் செய்தால், ஃபிளஷ் விழும் நாளில்தான், இன்னொருவரின் பெரிய ஃபிளஷிடம் பெரிதாகப் போகும். இன்னொன்று: 2015-ல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் செஃபியஸ் என்ற கணினி நிரல் லிமிட் ஹோல்டெமையே தீர்த்துவிட்டதே, அதைப் பார்த்தால் போதாதா?

கணக்குப்பிள்ளை:
அது தீர்த்தது இருவர் ஆட்டத்தை. இங்கே லாபமே மூன்றாவது, நான்காவது ஆளின் பணத்திலிருந்து வருகிறது.

வேகாஸ்வாசி:
டர்னில் ஒன்றும் வராமல், முதல் ஆள் மறுபடி 20 கட்டினால்?

கணக்குப்பிள்ளை:
கால் மட்டும். பார்க்காத 46 சீட்டில் 9 ஹார்ட்டின், 20 சதவீதம்கூட இல்லை. பாட் பெரிதாக இருப்பதால் தொடரலாம், ஏற்றினால் நஷ்டம்.

பொறுமைசாலி:
டர்ன் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஃபிளாப்பில், கிங் ஜோடி கிடைத்தாலே திருப்பி அடிக்கிற ஆள் முதல் இருக்கையில் இருந்தால் நான் கால்தான் செய்வேன், ஏஸ் இருந்தாலும்.